காப்புக் கட்டினவர் வாக்கு

கோயில் வாசலில் ஓட்டோ போட்ட பிரேக் சத்தத்துக்கு, கஞ்சி குடித்துக்கொண்டிருந்த சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. இறங்கியது றஸீனா. ஏறாவூர்க்காரி. கூடவே அவள் தம்பி நிஸ்தார்.

"ஆரு, றவூப்ட பொஞ்சாதியா?"

"ஓம். வருவாள் எண்டு நேற்றே தகவல் வந்தது."

நாலு மாதத்துக்கு முன், விடியற்காலையில் வாவியில் வலை இழுத்துக்கொண்டிருந்த றவூப்பை ஓர் எஞ்சின் போட் இடித்துக் கொன்றுவிட்டு நிற்காமல் போனது. பக்கத்துத் தோணியில் இருந்த ஒரே ஆள் அழகரத்தினம். இருபது வருடம் றவூப்போடு தொழிலுக்குப் போனவர். "ஒரே பனி, ஒண்டும் தெரியல்ல" என்று பொலிசில் சொல்லிவிட்டார். சாட்சி இல்லாமல் வழக்கு அப்படியே கிடக்கிறது. அந்த போட் அழகரத்தினத்தின் அக்கா மகன் ரதீஸினுடையது என்று வாவியின் இரண்டு கரையிலும் கதை. கதையை வைத்து யாரைப் பிடிப்பது?

றஸீனா நாள் பார்த்துத்தான் வந்திருந்தாள். திரௌபதை அம்மன் சடங்கில் அழகரத்தினம்தான் தருமர். அந்த உரிமை அவருடைய குடிக்கு உரியது. மாமனுக்குப் பிறகு மருமகனுக்கு. காப்புக் கட்டினால் பதினெட்டு நாளும் கோயில் எல்லையைத் தாண்டக் கூடாது. பொய் சொல்லக் கூடாது.

றவூப் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்: "காப்புக் கட்டினா அழகண்ணன் பிடிச்ச மீனைக்கூட ரெண்டு கூட்டிச் சொல்லமாட்டார். மத்த நாளையில கேட்டுப் பாரு, திமிங்கிலமே பிடிச்சிருப்பார்!"

அதை நம்பித்தான் நாலு மாதம் காத்திருந்தாள்.

அழகரத்தினம் மஞ்சள் வேட்டியோடு எல்லைக் கயிறு வரை வந்தார். விரதத்தில் மெலிந்திருந்தார்.

"வா தங்கச்சி."

"ஒண்டே ஒண்டுதான் கேக்கிறன் அண்ணன். அவரை இடிச்ச போட் ஆருட போட்?"

கோயிலை நிருவகிக்கும் வண்ணக்கர் குறுக்கே வந்தார். "சடங்கு நடக்கிற இடத்தில என்ன இது? பொலிசுக்குப் போ புள்ள."

"போனேனே! அவங்க சாட்சியக் கொண்டா எண்டுறாங்க. சாட்சி இங்கதானே நிக்கிறார்?"

"விடுங்க வண்ணக்கர்," என்றார் அழகரத்தினம். "கேட்டா சொல்லத்தான் வேணும். சொந்தம் பந்தம் எண்டு தருமர் பாக்கேலுமா?"

பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். ரதீஸ் அவர் எடுத்து வளர்த்த மருமகன். அடுத்துத் தருமராக வேண்டியவன்.

அழகரத்தினம் அம்மனைப் பார்த்து வலது கையைத் தூக்கினார். வாயைத் திறந்தார்.

பறையும் உடுக்கும் சங்கும் ஒன்றாக வெடித்தன. றஸீனா அவர் உதட்டையே பார்த்தாள். மூன்று சொல்லோ நாலு சொல்லோ சொன்னார். காதுக்குள் மேளம் மட்டும்தான் விழுந்தது.

"கேக்கல்ல அண்ணன்!" மேளம் ஓய்ந்ததும் கத்தினாள். "திருப்பிச் சொல்லுங்க!"

"தருமர் வாக்கு ஒரு தரம்தான்," என்றார் வண்ணக்கர். "அம்மாளுக்குக் கேட்டது."

"அம்மாள் கோட்டுக்கு வந்து சாட்சி சொல்லுவாவா?" என்று நிஸ்தார் பாய்ந்தான்.

கூட்டத்தில் ஒருவன் இளித்தான். "குருசேத்திரத்திலயும் இதுதானே நடந்தது. தருமர் வாயைத் திறக்க, கண்ணன் சங்கை ஊதிப்போட்டான்!"

அழகரத்தினம் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. "நான் சொல்லிப்போட்டன் தங்கச்சி. என்னில குறை இல்ல."

றஸீனா அந்தக் கண்ணீரை நம்பினாள். வளர்த்த பிள்ளையையே கொடுக்கத் துணிந்த மனிதர். பாழாய்ப்போன மேளம்தான் கெடுத்தது. காப்பு அவிழ இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. நாளைக்குப் பொலிசையும் கூட்டி வந்து கேட்டால் சொல்லாமலா விடுவார்?

செருப்பை மாட்ட மதிலோரம் குனிந்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் மேளகாரர் குரலைத் தணித்துப் பேசுவது கேட்டது.

"தருமராசா, நீங்க சொன்னபடியே கையைத் தூக்கின உடனே அடிச்சன். நாளைக்கும் வந்தாளெண்டா அடிக்கணுமா?"