முக்கால் காலன் நெருப்பு

எங்கள் ஆற்றங்கரையில் ஆண்கள் தத்தம் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் உலையைப் பற்றிப் பேசுகையில், அதன் பர்னர் மணிக்கு எத்தனை காலன் எண்ணெய் எரிக்கும் என்பதையே முதலிற் சொல்வர். ஒனேசிம் வுவாசினுடையது ஒன்றரை காலன். தெருவில் வேறெவர் வீட்டிலும் அத்துணைப் பெரியது இல்லை என்பதில் அவருக்கு அளவற்ற பெருமை. அந்தப் பர்னர் அக்டோபர் இறுதியில், ஒரு புதன்கிழமையன்று, ஒருமுறை இருமிவிட்டு அணைந்துபோயிற்று.

அவர் மனைவி கிளாரிஸுக்கோ வேறு கவலை. அவளுடைய தமக்கை டெல்வினா, கனெக்டிகட்டில் ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற்று, இவர்களோடு வந்து தங்க இசைந்திருந்தாள். சனிக்கிழமை வருவாள், அவளுக்கென ஒதுக்கிய வடகோடி அறை எழுபது டிகிரி பாரன்ஹீட்டுக்குக் குறையின் திரும்பிவிடுவாள் என்பதே நிபந்தனை. முப்பது ஆண்டுகள் கடிதத்திலேயே பேசிக்கொண்ட சகோதரிகள் அவர்கள். சென்ற குளிர்காலத்தில் அவ்வறை ஐம்பத்தெட்டைத் தாண்டவேயில்லை.

வியாழன் காலை ஒனேசிமின் பள்ளித் தோழரும் உலை பழுதுபார்ப்பவருமான லுட்ஜே சோசியே புதிய பர்னருடன் வந்தார். நேரே நிலவறைக்கு இறங்காமல், அளவுநாடாவை விரித்து ஒவ்வொரு சுவரையும் சன்னலையும் அளந்தார்.

"டேய், உலை கீழ இருக்கு. சன்னலுக்கா பர்னர் மாட்டப்போற?" என்றார் ஒனேசிம்.

"சுவருக்குள்ள பஞ்சு வச்சு அடைச்சியே, எப்போ?"

"ஆறு வருஷமாச்சு. சன்னலும் இரட்டைக் கண்ணாடி போட்டாச்சு."

லுட்ஜே பென்சிலால் கணக்கிட்டார். "இப்பல்லாம் சூடு வெளிய கசியறதில்லை. முக்கால் காலன் போதும்."

"முக்காலா? அதுல சிகரெட்கூடப் பத்தாதுடா! ஊர்ல தலை காட்ட முடியுமா நான்?"

"உங்க தலை இருக்கட்டும், எங்க அக்கா கால் விறைச்சுப் போகாம இருந்தாப் போதும்," என்று அடுப்பங்கரையிலிருந்து கிளாரிஸ் குரல் கொடுத்தாள்.

வாக்குவாதம் முற்றவே லுட்ஜே ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். இந்தப் பர்னர் இரண்டு அளவுக்கும் தாங்கும். எண்ணெயைத் தூவும் நாசிலை மட்டும் மாற்றினாற் போதும். ஆகவே இன்று ஒன்றரை, நாளை முக்கால். எது வடகோடி அறையைச் சூடாக்குகிறதோ அதுவே நிலைக்கும். நாசிலைத் திருகி, காற்றுவழியைச் சீராக்கி, புகையை வெள்ளைத் தாளில் இழுத்துக் கறை படியவில்லை என உறுதி செய்துகொண்டார்.

ஒன்றரை காலன் நெருப்பு முழங்கி எழுந்தது. கூடத்தில் சூட்டை அளக்கும் தெர்மோஸ்டாட், கூடம் சூடேறியதும் ஏழே நிமிடத்தில் உலையை நிறுத்திவிட்டது.

"பாத்தியா வேகத்தை!" என்றார் ஒனேசிம்.

கிளாரிஸ் வடகோடி அறையிலிருந்து திரும்பினாள். "ஐம்பத்தொன்பது. அங்க சூட்டுக் காத்து போய்ச் சேரவே இல்லை, அதுக்குள்ள நின்னுடுச்சு." அன்று மாலைவரை அறுபதைத் தாண்டவில்லை.

மறுநாள் முக்கால் காலன் நாசில் மாட்டப்பட்டது. நெருப்பு மெல்ல முணுமுணுத்தது, நின்றபாடில்லை. பத்து நிமிடம், இருபது, முப்பது. ஒனேசிம் படியில் ஏறியும் இறங்கியும் தவித்தார்.

"நிறுத்துடா லுட்ஜே! தொட்டியையே குடிச்சிடும் போல இருக்கு."

"இது வாய் வச்சு உறிஞ்சுது. உன்னுது வாளியோட கவிழ்த்துச்சு. உக்காரு, பிளாய் ஆறுது."

கிளாரிஸ் சுட்ட அந்த மாத்தோசைகளை வெண்ணெய் தடவிச் சுருட்டி, லுட்ஜே அமைதியாக ஐந்து தின்றார். ஒனேசிமுக்கு ஒன்றுகூட இறங்கவில்லை. நண்பகலில் கிளாரிஸ் வடகோடி அறையிலிருந்து கூவிக்கொண்டே ஓடிவந்தாள்.

"எழுபது! எழுபதுக்கு மேல அரை!"

ஒனேசிம் தாமே சென்று பார்த்தார். வெப்பமானி பழுதோ என்றெண்ணி அதைத் தட்டியும் பார்த்தார். அது எழுபத்தொன்று காட்டிற்று.

சனிக்கிழமை டெல்வினா வந்தாள். கையுறையைக் கழற்றாமலே நேரே வடகோடி அறைக்குச் சென்று, கதவை அடைத்துக்கொண்டாள். கிளாரிஸ் வெளியே நின்று முன்றானையைப்போல் தன் ஏப்ரனைத் திருகினாள். கால் மணி கழித்துக் கதவு திறந்தது. டெல்வினா மேலங்கியும் கம்பளிச்சட்டையுமின்றி, மெல்லிய உட்சட்டையோடு, கன்னம் சிவந்து நின்றாள்.

"மாப்பிள்ளே, வண்டியில நாலு பெட்டி இருக்கு. இறக்குங்க."

"நாலா? கடிதத்துல ஒண்ணுன்னுதானே எழுதினீங்க, மதினி?"

"அது திரும்பிப் போறதா இருந்தா. இப்ப இருக்கப்போறேனே!"

கிளாரிஸ் தமக்கையைக் கட்டிக்கொண்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். ஒனேசிம் முனகிக்கொண்டே வண்டிக்கு நடந்தார்.