இடது செருப்பின் கடைசித் துளை

...இடது செருப்பின் வாரைத்தான் கணவர் தளர்த்தச் சொன்னார், வலதை அல்ல, அவளும் குனிந்து பக்கிளைக் கழற்றிக் கடைசித் துளையில் மாட்டினாள், "போதுமா?" என்றாள், "போதும் தாயே, கிருமி போலீஸுக்குச் செருப்பு தைக்கவும் தெரியுதே" என்று சிரித்தார், அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு அவள் உள்ளே ஓடினாள், திரும்பி வருவதற்குள் நாற்காலியிலேயே மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார்... காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்கு ஏறி ஆளையே கொண்டுபோய்விட்டதாம். இப்போது நாத்தனார் சோபாவின் நுனியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிறாள், "ஒரு கால் மட்டும் வீங்குதுன்னு அண்ணன் முன்னாடியே எங்கிட்ட சொன்னாரு அண்ணி, உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு"... சத்தியமாம். சிறுநீரகத்துக்கான மாத்திரை உடம்பின் எதிர்ப்புச் சக்தியைப் படுக்கவைத்துவிடும், சின்னச் சளிகூட ஆளைச் சாய்க்கும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து வாசலில் சோப்போடு நின்றது யார், தும்மினவர்களையெல்லாம் முறைத்துச் சொந்த அக்காவிடமே பேச்சுவார்த்தை அறுந்தது யாருக்கு? அவள் கதவைக் காத்தாள், இவர்கள் இருவரும் அவள் முதுகுக்குப் பின்னால் போனில் குசுகுசுத்திருக்கிறார்கள்.

மூக்கில் ரத்தம் கசிந்ததால் ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஊசியைக் கொஞ்ச நாள் நிறுத்தினார்களே, அன்றைக்கே டாக்டர் எச்சரித்தாராம், இரண்டு காலும் வீங்கினால் சிறுநீரகத்தால் வரும் பழைய வீக்கம், ஒன்று மட்டும் வீங்கினால் ரத்தம் உறைந்திருக்கலாம், உடனே வந்துவிடுங்கள் என்று... அதையும் நாத்தனார் வாயால்தான் அவள் கேட்க வேண்டியிருக்கிறது, டாக்டர் சொன்னபோது அவள் மருந்துக்கடை வரிசையில் நின்றிருந்தாள், "என்ன சொன்னாங்க?" என்றதற்கு "உப்பைக் குறைக்கணுமாம்" என்றாரே, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்! "ஏன் மறைச்சாரு?" "சொன்னா ஆஸ்பத்திரியில சேர்த்துருவீங்களாம் அண்ணி... போன தடவை வார்டுல நிமோனியா ஒட்டிக்கிச்சே, இன்னொரு தரம் போனா திரும்ப மாட்டேன்னு பயந்தாரு." பயமாம், பயத்தைச் சொல்ல அவளைவிடத் தங்கச்சி கிட்டத்தில் இருந்தாளா? இத்தனை வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவளிடம் உப்பு என்று சொல்லிவிட்டு... திட்டலாம் என்று பார்த்தால் திட்டு வாங்க ஆள் இல்லை, நாத்தனாரோ அழுகிறாள், "காபி குடிக்கிறியா?" என்று அவள் வாயே அவளுக்குத் துரோகம் செய்கிறது. எழுந்து போகிறாள், கதவோரம் அவர் செருப்புகளைக் கண்டு நிற்கிறாள். இடதை மட்டும்... வீக்கத்தை மறைக்க நினைத்தவர் அந்தக் காலை எதற்கு அவள் கையில் நீட்டினார், அதுதான் அவர் சொன்ன விதமோ, கேட்கத் தெரியாமல் போனாளோ... அருகருகே கிடக்கின்றன, வலது செருப்பு நடுத் துளையில், இடது கடைசித் துளையில்.