நெல்லுக்குள் வைத்த கெமரா

கெமராவுக்குள் சவூதி மணல் புகுந்துவிடும் என்று, போன விடுமுறையில் கலந்தர் அதை மனைவி கமீலாவிடம் விட்டுப் போயிருந்தார். அதை வைத்துக் கல்முனையில் ஒரு ஸ்டூடியோ திறந்துவிட்டால் இனி வெளிநாடு போக வேண்டியதில்லை என்பது அவர் கணக்கு.

இன்று சவூதி வேலையை விட்டு வந்து இறங்கியதும் எடுத்துப் பார்த்தார். லென்ஸின் உள்ளே பூஞ்சணம் வலைபோல் படர்ந்திருந்தது. துடைத்தும் போகவில்லை.

"நெல்லு ஈரத்த இழுக்கும் எண்டு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் கமீலா.

"காஞ்ச நெல்லுகா. நீ எதுக்குள்ள வெச்ச?"

"வயலால வந்த புது நெல்லுக்குள்ள. உங்கட சாமானப் பழசுக்குள்ள வைக்க மனம் வரல்ல."

கோபப்படவும் அவருக்குத் தெம்பில்லை. கமீலா பயணப் பெட்டியின் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தாள்.

"அவிழ்க்காதகா," என்றார். "திரும்பக் கொண்டு போறதுதானே."