ஃபெர்ரி என்றால் சுமப்பது

அக்கரை ஆஸ்பத்திரியில் தங்கையை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோவதற்குள் அவள் முகத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று அக்காக்காரி தவித்துக்கொண்டிருந்தாள். ஃப்ளாஸ்க், போர்வை, துணிப்பை எல்லாம் அவள் தோளில்தான். புருஷன் வெறுங்கையை வீசிக்கொண்டு வந்தார். படித்தவர் கை அல்லவா, வலிக்கும்.

படகுத்துறையில் டிக்கெட் கொடுப்பவனைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்ப்பா, பலகையில ஃபெர்ரின்னு எழுதி வச்சிருக்கீங்களே, அர்த்தம் தெரியுமா? பழைய இங்கிலீஷ்ல சுமந்துட்டுப் போறதுன்னு அர்த்தம். அதோட வேர் இருக்கே..."

"சார், ஹாரன் அடிச்சாச்சு."

"அடிக்கட்டும். நீ வேரைக் கேளு."

"என்னங்க, வாங்க!" என்று அவள் படகில் ஏறி நின்று கத்தினாள். அவர் 'பொறு' என்று ஒரு விரலைக் காட்டினார். அந்த விரலால்தான் போன மாதம் பஸ்ஸும் போனது.

படகு கிளம்பிவிட்டது. கயிற்றைச் சுருட்டியவன் கேட்டான். "அக்கா, உங்க வீட்டுக்காரர் அங்கேயே நிக்கிறாரே. திருப்பச் சொல்லவா?"

கரையில் அவர் விரலை இன்னும் இறக்கவில்லை.

"வேணாம் தம்பி, என் தங்கச்சி காத்துக்கிட்டிருக்கா. இத்தனை மூட்டையோட அவரையும் சேத்துச் சுமக்க என்னால ஆகாது."

அவருக்காகப் பிடித்து வைத்திருந்த இடத்தில் பைகளை இறக்கி வைத்தாள்.