அந்தரத்தில் நின்ற தலைவர்

"ஒரு நாட்டையே நாலு மணி நேரம் அந்தரத்துல தொங்கவிட்டவன் மச்சான் நான்! ராணுவம் மொத்தமும் கீழ அண்ணாந்து நிக்குது. தலைவர் லிஃப்டுக்குள்ள, நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல. சாவி என் கையில!"

"அத்தான், இப்ப இது தேவையா?" என்றான் மனைவியின் தம்பி. அவன் கண் தொலைக்காட்சியை விட்டு நகரவில்லை. அதில் அதே மாளிகை; வாசலில் டாங்கிகள். துரத்தப்பட்ட அதே பழைய தலைவர் படையோடு திரும்பி நாற்காலியைப் பிடித்துவிட்டார். அந்த ஊர் ஆஸ்பத்திரியில்தான் அத்தானின் மகள் நர்ஸ். முந்தாநாளிலிருந்து அவள் போன் கிடைக்கவில்லை.

லிஃப்ட் மெக்கானிக்காக அத்தான் கால் வைக்காத கலவர தேசம் இல்லை. ஆட்சி கவிழ்ந்தால் வருகிறவனுக்கு முதலில் மேல்மாடிக்குப் போக வேண்டும், கூப்பிடு மெக்கானிக்கை! ஏறுகிறவன், இறங்குகிறவன், நடுவில் எண்ணெய் போடுகிறவன், இதுதான் சரித்திரம் என்பார். ஓய்வு பெற்றதும் கதைக்குக் கொழுப்பு ஏறியது. அரை மணி நேரம் நாலு மணி நேரமானது. போன வருஷக் கதையில் தலைவர் இண்டர்காமில் தாலாட்டுப் பாடச் சொன்னார். மனைவி மட்டும், யார் எதிரில் இருந்தாலும், "அளக்காதீங்க, அப்படி ஒண்ணும் நடக்கல" என்று சமையலறையிலிருந்தே வெட்டிவிடுவாள்.

பேச்சை நிறுத்தினால் வீட்டில் டாங்கிச் சத்தம் மட்டும்தான் மிஞ்சும். அவர் நிறுத்தவில்லை. "கதவு திறந்ததும் குழந்தை மாதிரி அழுதுகிட்டே என் கையைப் பிடிச்சார். 'எப்ப வேணும்னாலும் வா, என்ன வேணும்னாலும் கேளு'ன்னார். 'ஐயா, எட்டு பேர் ஏறுற லிஃப்ட்ல பதினாலு பேர் ஏறாதீங்க, அது போதும்'னேன்!"

வெட்டு வரவில்லை. அவளே வந்தாள். தொலைக்காட்சியை அணைத்தாள்.

"நாம அந்த ஊர்ல இருந்தப்ப, அன்னிக்கு ராத்திரி தலைவரோட கறுப்புக் கார் உங்களை நம்ம வாசல்ல எறக்கிவிட்டதை ஜன்னல் வழியா பார்த்தேன். தலைவர்கூட லிஃப்ட்ல இருந்த காவலாளி நம்ம எதிர் வீட்டுக்காரர்தானே? அப்புறம் அவர் வீடு திரும்பவே இல்லைங்க. வேற ஊருக்கு மாத்திட்டாங்கன்னு உங்ககிட்ட சொன்னது நான்தான். தலைவர் அழுததைப் பார்த்தவங்க யாரும் உயிரோட தங்கல. அதான் ஊர் பூரா உங்களைப் பொய்யன்னு சொல்லி வெச்சேன்."

 

அவள் தன் போனை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். "கேளுன்னாருல்ல? நம்ம பொண்ணைக் கேளுங்க."

ஆயுசு முழுக்கப் பொத்தான்களோடு பிழைத்தவரின் கட்டைவிரல், எந்த எண்ணை அழுத்துவதென்று தெரியாமல் போனுக்கு மேல் அந்தரத்தில் நின்றது.

"நடந்துச்சுங்க," என்றாள் அவள். "எல்லாம் நெஜமாவே நடந்துச்சு."