கஜலட்சுமிக்கு மட்டும் கிடைத்த ஹெட்செட்

1
இந்தக் கதை ஒரு கட்டுரையிலிருந்து தப்பி வந்தது. வணிகத்திலும் கல்வியிலும் மெய்நிகர் உலகத்தின் பயன்கள், பாதகங்கள் என்று ஒரு சஞ்சிகைக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பாதகங்களில் கண்வலி, தலைச்சுற்றல் என்று எழுதும்போது கஜலட்சுமி நினைவுக்கு வந்தாள். அதற்குப் பிறகு கட்டுரை ஓடவில்லை. எரிச்சல்தான் வந்தது.

2
கண்டி பேராதனை வீதியில் வசிக்கும் கஜலட்சுமி

(இல்லை. அவள் வீடு மஹய்யாவையில், நகர சுத்திகரிப்புத் தொழிலாளர் குடியிருப்பில். அப்பா அழகர் மாநகர சபையில் வீதி கூட்டுகிறார். வேலை கேட்கும்போது அங்கே பலர் செய்வதுபோல், முதல் வரியிலேயே நானும் விலாசத்தை மாற்றிவிட்டேன். அழிக்காமல் விடுகிறேன், நீங்களும் பாருங்கள்.)

3
கஜலட்சுமி விண்ணப்பித்தது, ஹோட்டல் வேலைக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு நிறுவனத்துக்கு. ஹெட்செட்டை மாட்டினால் கண்முன்னே ஒரு வரவேற்பறை. கலகெதரவில் இருப்பவரும் அலவத்துகொடையில் இருப்பவரும் பஸ் ஏறாமல் அங்கே நின்று படிக்கலாம். நிறுவனத்துக்கு மண்டப வாடகை மிச்சம். பயிற்றுநர் வேலைக்கான நேர்முகப் பரீட்சையும் கணினிக்குள்ளேயே, பொம்மை உருவங்களாக நடந்தது. எந்த ஊர், யார் பிள்ளை என்று எவரும் கேட்கவில்லை. கஜலட்சுமி தெரிவானாள்.*

* இதைப் 'பயன்கள்' பகுதியில் பெருமையாக எழுதியிருந்தேன்.

4
முதல் நாள் அலுவலகத்தில் ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தாள். முகாமையாளர் மோகனராஜ் வாயாரப் பாராட்டினார். பிறகு அவள் நிரப்பிக் கொடுத்த படிவத்தை வாசித்தார்.

"மஹய்யாவையா? அப்பா என்ன செய்றாரு?"

"மாநகர சபையில வீதி கூட்டுறாரு, சார்."

மற்றப் பயிற்றுநர்கள் கழற்றிய ஹெட்செட்கள் அலுமாரிக்குப் போயின. நாளைக்கு எதை யார் வேண்டுமானாலும் மாட்டுவார்கள். அவளுக்கு மட்டும் மோகனராஜ் ஒரு பெட்டியைத் திறந்து பிடித்தார்.

"இதுல போடுங்கம்மா. நீங்களே வச்சுக்குங்க. இனி வீட்டுல இருந்தே வகுப்பு எடுங்க, இங்க வரத் தேவையில்ல."

வீடு போய்ச் சேரும்வரை அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

5
"எல்லாருக்குமா குடுத்தாங்க?" என்றார் அழகர்.

"எனக்கு மட்டுந்தாம்ப்பா."

அழகர் பெட்டியைப் பார்த்தார். "ஒரு வீட்டுல எனக்கு டீ குடுத்த கோப்பையையும் இப்படித்தாம்மா குடுத்தாங்க. நீயே கொண்டுபோன்னு."

அவள் முகம் செத்துப்போனது.

6
முடிவு ஒன்று: ஹெட்செட்டை மோகனராஜின் மேசையில் வீசிவிட்டு வெளியேறுகிறாள். எழுதியபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. வேலை போனது அவளுக்கு.

முடிவு இரண்டு: மோகனராஜ் தன் தவறை உணர்ந்து கண்

(சீ.)

இதை எந்தத் தொழில்நுட்பத்தின் பாதகம் என்று எழுதுவது? அந்தப் பொம்மை உலகம் அவளை ஒரு கேள்வியும் கேட்கவில்லையே. 

7
நாளை காலை ஒன்பதுக்கு வகுப்பு. மாட்டாவிட்டால் வேலையில்லை. மாட்டினால் அந்தப் பெட்டிக்குச் சம்மதம் சொன்னதாகிவிடும். முடிவை உங்களிடமே விடுகிறேன், ஆனால் சும்மா விடமாட்டேன். கஜலட்சுமி ஹெட்செட்டை இப்போதுதான் கழற்றினாள், உங்களிடம் நீட்டுகிறாள். முதலில் அதை வாங்கி உங்கள் முகத்தில் மாட்டுங்கள். அதற்குப் பிறகு அவளுக்குப் புத்தி சொல்லலாம்.