கரி பிடிக்காத அடுப்பு

கதை எழுதிப் பழகாத கையின் துணிச்சலை வாசகப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.

புற்றுநோய்க் கட்டியைச் சுடும் கார்பன் கற்றைக்கு அயனிகளைத் தருகிற கருவியை அக்காதான் பராமரித்து வந்தாள். அதன் உட்சுவரில் கரி படியப் படியக் கற்றை தளரும்; சிகிச்சை பாதியில் நிற்கும். மண்டையோட்டின் அடியில் கட்டியோடு, முகமூடிக்குள் அசையாமல் காத்துக் கிடப்பவன் அவளுடைய தம்பி.

"உன் அடுப்பு இன்னைக்காவது கரி பிடிக்காம எரியுமாக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போனான்.

"வாய மூடிட்டுப் படுடா."

கருவிக்குள் கரி படியவைக்கும் மீத்தேன் வாயுவைக் குறைத்து ஹீலியம் சேர்த்து, பல வாரம் சோதித்து அனுமதி வாங்கிய கலவைக்கு அன்றுதான் முதல் நாள். திரையில் கற்றையின் கோடு கடைசிவரை தளராமல் ஓடியது.

தம்பி வெளியே வந்தான். "அதுக்குள்ள முடிஞ்சுதா? மனசுக்குள்ள பாட்டு பாதிதான் பாடியிருந்தேன்."

"மீதிய வீட்ல பாடு. நான் கேக்கறேன்."

"நீதான் கேக்கணும். எனக்குத்தான் ஒரு காது போச்சே."

அவன் கன்னத்தில் பதிந்திருந்த முகமூடித் தடத்தை அவள் விரலால் மெல்ல நீவிவிட்டாள்.

சில மாதங்களில் கட்டி சுருங்கி அடங்கியது. இழந்தவை: வலக்காதின் கேட்கும் திறன், நாவில் கொஞ்சம் ருசி, அக்காவின் அடுப்பைக் கேலி செய்ய அவனுக்கிருந்த ஒரே சாக்கு.